மழையளவோடு ஈரநேரத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆனி பிறந்ததிலிருந்து நம் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் மழைக் கட்டம் தவறாமல் வருகிறது. ஊட்டி இவ்வளவு மி.மீ., குன்னூர் இவ்வளவு, அவலாஞ்சி, எமரால்டு, தேவாலா இவ்வளவு. அணைக்கும் மண்சரிவுக்கும் அந்தக் கணக்கு வேண்டியதுதான். புல்தரை வைத்திருப்பவர்களுக்கு அது பாதிச் செய்தி. காட்டேஜ், பள்ளி மைதானம், பூங்கா, கோல்ஃப் திடல் எதுவானாலும் புல்லைப் பிடிக்கும் பூஞ்சாணத்துக்கு மில்லிமீட்டர் முக்கியமில்லை. இலை எத்தனை மணி நேரம் நனைந்தே கிடந்தது என்பதுதான் அதற்குக் கணக்கு. இரண்டாம் சீசனுக்கு எல்லோரும் புல்தரையைத் தயார் செய்யும் இந்த நேரத்தில் அந்த இன்னொரு பாதியையும் அச்சிட வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். சுருக்கினால் முதலில் காணாமல் போவது அளவுகள். அவை இல்லாமல் இந்த விஷயத்தைச் சொல்லிப் பயனில்லை.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிக் கொட்டும் மழை மண்ணை அரிக்கும், வேரை மூச்சுமுட்ட வைக்கும். இலைநோய்க்கு மட்டும், அந்த நாளும், காலையிலிருந்து சாரலும் மஞ்சுமாகவே (மலை மூடுபனி) கழிந்து 2 மி.மீ. பதிவான நாளும் ஒன்றுதான். இரண்டிலும் இலை 24 மணி நேரமும் ஈரம். மழையே இல்லாத கார்த்திகை நாளில் மாலை 6 மணிக்கு இறங்கிய நீர்ப்பனி மறுநாள் 9 மணி வரை காயவில்லை என்றால் அது 15 மணி நேர ஈரம். நம் கட்டத்தில் அந்த நாளுக்கு நேரே 0 என்று இருக்கும்.

காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதமாகச் சொல்லும்போது பலரும் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 12 டிகிரியில் 10.7 கிராம்தான். பிற்பகலில் 20 டிகிரியும் 60 சதவீதமும் இருந்தால் நல்ல உலர்ந்த பகல் என்று தோன்றும். அதே காற்று இரவில் 12 டிகிரிக்கு இறங்கினால் போதும், ஒரு சொட்டு கூடச் சேராமலே 100 சதவீதம் ஆகிவிடும். மேட்டுப்பாளையத்தில் இரவு அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. இங்கே ஊட்டியில் ஆண்டின் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் புல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, மேலே நிற்கும் காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி அதிகமாகவே குளிர்ந்துவிடும். அதனால் ஆள் உயரத்தில் 90 சதவீதம் காட்டும்போதே புல் மட்டத்தில் நீர் கோத்திருக்கும்.

விடியற்காலையில் இலை நுனியில் முத்து முத்தாக நிற்பதெல்லாம் பனி அல்ல. அதில் ஒரு பங்கு புல் தானே இரவில் நுனி வழியாகக் கசிய விடும் நீர். அதில் சர்க்கரையும் அமினோ அமிலமும் கலந்திருக்கும், அது பூஞ்சாணத்துக்குத் தீனி. பூஞ்சாண இழைக்கு நம் தோலைப் போலவோ இலையின் மெழுகைப் போலவோ காப்புறை கிடையாது; காற்று உலர்ந்தால் அது வதங்கிப்போகும். நீர்ப்படலம் இருந்தால்தான் இலை மீது ஊர்ந்து, இலைத்துளை வழியாகவோ மெஷின் வெட்டிய நுனி வழியாகவோ உள்ளே போகும். உள்ளே போக அதற்குச் சில மணி நேரம் தேவை. அந்த நேரத்தை நாம் கொடுக்கிறோமா இல்லையா என்பதுதான் முழு விவகாரமும்.

உருளைக்கிழங்கு போடுபவர்களுக்கு இது புதிதல்ல. பிரிட்டனில் பின்பருவ இலைக்கருகலுக்கு எச்சரிக்கை கொடுக்கும் விதியே, தொடர்ந்து இரண்டு நாள் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமல், ஒவ்வொரு நாளும் குறைந்தது 6 மணி நேரம் ஈரப்பதம் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பதுதான். அதில் மழை என்ற சொல்லே இல்லை. தேயிலைக்காரர்களும் கொப்புள நோய் ஏறுமா என்பதை வெயில் நேரத்தை வைத்துத்தான் கணிக்கிறார்கள். புல்தரைக்காரர்கள் மட்டும் இன்னும் மழைமானியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது, சமவெளிக்கு எழுதிய குறிப்புகளை மலையில் பின்பற்றும் பழக்கம். நகரங்களின் புல்தரைகளுக்குச் சொல்லப்படும் மருந்து அட்டவணைகள் பெரும்பாலும் பிரவுன் பேட்ச், பித்தியம் அழுகல் என்ற இரண்டு புல்நோய்களை மனதில் வைத்தவை. இரண்டுக்கும் ஈரத்தோடு வெப்பமும் வேண்டும். பித்தியத்துக்குப் பகல் 30 டிகிரியைத் தாண்டி, இரவும் 20-க்குக் குறையாமல், 14 மணி நேரம் 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நிற்க வேண்டும். பிரவுன் பேட்சும் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டினால்தான் வேகம் பிடிக்கும். ஊட்டியில் இரவு 20 டிகிரியா? கூடலூர்ப் பக்கம் வேண்டுமானால் அந்த அச்சத்துக்கு இடமுண்டு. 2,200 மீட்டர் உயரத்தில் பித்தியத்துக்கு மருந்து வாங்குவது காசைக் கரியாக்குவது.

இங்குள்ள குளிருக்கும் ஈரத்துக்கும் பொருந்தி வருபவை வேறு. முதலில் டாலர் ஸ்பாட். ஒட்ட வெட்டிய புல்லில் ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிறிய வைக்கோல் நிறப் புள்ளிகள். உயரமாக விட்ட புல்லில் அது உள்ளங்கை அளவுக்கும் மேல் போகும். ஒரு இலையைப் பறித்துப் பார்த்தால் குறுக்கே வெளிறிய பட்டை, அதன் இருபுறமும் செம்பழுப்புக் கரை. காலையில் பனி காயும் முன் போனால் திட்டின் மேல் வெள்ளைப் பஞ்சு இழை தெரியும், 9 மணிக்கு மேல் மறைந்துவிடும். இதைச் சிலந்தி வலை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வலை இலை நுனிகளுக்கு மேலே தட்டையாக விரிந்திருக்கும்; பூஞ்சாண இழை இலைகளுக்கு நடுவே இறங்கிக் கிடக்கும். விரலால் தொட்டாலே வித்தியாசம் தெரியும்.

இந்த நோய்க்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் ஸ்மித், கெர்ன்ஸ் முதலிய ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டது. கால்குலேட்டர் இருந்தால் போதும். கடந்த 5 நாட்களின் சராசரி ஈரப்பதத்தை 0.0894-ஆல் பெருக்குங்கள். அதே 5 நாட்களின் சராசரி வெப்பத்தை 0.1932-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி 11.4041-ஐக் கழியுங்கள். விடை பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழேதான் வரும். அது மைனஸ் 1.39-ஐத் தாண்டிப் பூச்சியத்தை நோக்கி ஏறினால் நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதத்தைக் கடந்துவிட்டது. விழித்துக்கொள்ள வேண்டிய எல்லை அது. சராசரி வெப்பம் 14 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஈரப்பதம் 80 என்றால் விடை மைனஸ் 1.55, வாய்ப்பு 18 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அதே 14 டிகிரியில் ஈரப்பதம் 90 என்றால் மைனஸ் 0.65, வாய்ப்பு 34 சதவீதம். பத்துப் புள்ளி ஈரப்பதத்துக்கு ஆபத்து இரட்டிப்பு. 17 டிகிரி, 60 சதவீதம் என்ற பங்குனி நாட்களைப் போட்டால் 6 சதவீதம்தான் வரும். சராசரி வெப்பம் 10 டிகிரிக்குக் கீழ் போகும் நாட்களில் இந்தக் கணக்கு செல்லாது. அது அந்த நாட்டுக் குளிர்ப்பகுதிப் புற்களில் சோதித்தது என்பதால் நம் கிகுயூ புல்லுக்கு 20 என்ற எல்லையை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பருவம் குறித்துப் பார்த்தால் அவரவர் தரைக்குரிய எல்லை தெரிந்துவிடும். நமக்கு முக்கியம், எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான்.

இரண்டாவது, மைக்ரோடோக்கியம் திட்டு. பழைய கோல்ஃப் ஆட்கள் ஃபியூசேரியம் என்பார்கள். பெண்ட், ரை, தானாக முளைக்கும் போவா ஆகிய மென்மையான புற்களைத்தான் இது அதிகம் தாக்கும். கிகுயூ ஓரளவு தாங்கும். செம்பழுப்பு நிறத்தில் சிறு வட்டமாகத் தொடங்கி 20, 30 சென்டிமீட்டர் வரை விரியும். ஈரமாக இருக்கும்போது ஓரத்தில் வெண்மையோ இளஞ்சிவப்போ கலந்த இழை. பூச்சியத்துக்குச் சற்று மேலிருந்து 16 டிகிரி வரை இதற்குச் சுகம். அதாவது ஆடியிலிருந்து தை வரை நம் ஊர்.

உரத்தில் தடுமாற்றம் வருவது இங்கேதான். டாலர் ஸ்பாட் தழைச்சத்து குறைந்து மெலிந்த புல்லைத் தேடி வரும். மைக்ரோடோக்கியமோ தழைச்சத்து கூடிக் கொழுத்த இளந்தளிரைத் தேடி வரும். வெளிறிய திட்டைப் பார்த்ததும் யூரியாவை அள்ளி வீசுபவர் முதல் நோயைத் துரத்தி இரண்டாவதற்கு விருந்து வைக்கிறார். திட்டு எது என்று தெரியாமல் உரப்பையைத் திறக்கவே கூடாது. பருவ முழுவதும் சிறு அளவில், அடிக்கடி கொடுப்பதுதான் இரண்டுக்கும் நடுவழி: ஒரு சென்ட் பரப்புக்கு ஒரு தடவையில் 80 கிராம் தழைச்சத்து. அதற்கு யூரியா என்றால் 175 கிராம், அம்மோனியம் சல்பேட் என்றால் 400 கிராம். தேயிலைக் கடைகளில் கிடைக்கும் அம்மோனியம் சல்பேட்தான் என் தேர்வு. அது மண் மேற்பரப்பைச் சற்று அமிலமாக வைக்கும், மைக்ரோடோக்கியத்துக்கு அது ஆகாது. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போட்டு, ஐப்பசி பாதியோடு தழைச்சத்தை நிறுத்திவிட்டு, பொட்டாஷ் மட்டும் சென்ட்டுக்கு 100 கிராம் கொடுத்தால் உறைபனியையும் புல் ஓரளவு தாங்கும். உரத்தை உலர்ந்த இலை மேல் தூவி, உடனே நீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். ஈர இலையில் ஒட்டிய உப்பு எரிக்கும், அந்தத் தழும்பையும் பிறகு நோய் என்பார்கள்.

இதே காரணத்தால் சுண்ணாம்பு விஷயத்தில் அவசரம் வேண்டாம். நம் மலை மண் அமில மண்தான், டோலமைட் போடச் சொல்வதும் சரிதான். ஆனால் மழைக்கு முன் மொத்தமாகக் கொட்டினால் மேல் மண்ணின் பி.எச். (அமில-கார அளவு) திடீரென ஏறி, மைக்ரோடோக்கியத்துக்கு வாசல் திறந்துவிடும். மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, மாசி பங்குனியில், இரண்டு மூன்று ஆண்டுக்குப் பிரித்துப் போடலாம். மாறாக, அன்னபேதி (இரும்பு சல்பேட்) நல்ல துணை. சென்ட்டுக்கு 40 முதல் 80 கிராம் அன்னபேதியை 4 லிட்டர் நீரில் கரைத்து, மழையில்லாத உலர்ந்த பகலில் பூவாளியால் தெளித்தால் இலை கருமை கலந்த பச்சையாகும், பாசியும் அடங்கும். நடைபாதைக் கல்லிலோ சிமென்ட்டிலோ பட்டால் துருக்கறை போகவே போகாது. ஓரத்தில் தார்ப்பாய் விரித்துக்கொள்வது நல்லது.

மற்றவற்றில் பயப்பட ஒன்றுமில்லை. இலைமேல் சாம்பல் தூவியது போலத் தெரியும் வழுபூஞ்சை தண்ணீர் பீய்ச்சினாலே போய்விடும். வட்டமாகக் காளான் முளைத்தால் அடியில் பழைய மரவேர் மக்குகிறது என்று பொருள். காலணியில் ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டினால் துரு, பசியோடிருக்கும் புல்லின் அடையாளம். உறைபனிக் கருகல் பள்ளமான திறந்த இடம் முழுவதும் ஒரே சீராக, நுனியிலிருந்து வெளிறும். அதற்கு வட்டமும் கிடையாது, கரையும் கிடையாது.

ஈரநேரத்தைக் குறைப்பதில் மிக மலிவான வேலை பனி தட்டுவது. விடிந்ததும் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து 15 மீட்டர் ஹோஸ் பைப்பைப் புல் மேல் இழுத்துக்கொண்டு போனால் போதும். சிறு தரைக்கு நீள மூங்கில் கழியே போதும், இலை நுனியைத் தடவுவது போல வீச வேண்டும். துளிகள் உடைந்து மண்ணில் இறங்கிவிடும். முத்தாக நின்ற நீர் காய 9.30 ஆகும் என்றால், தட்டிவிட்ட இலை 7.30-க்கெல்லாம் காய்ந்துவிடும். தினமும் இரண்டு மணி நேரத்தைப் பூஞ்சாணத்திடமிருந்து பறித்தது கணக்கு. கோல்ஃப் திடல்களில் இது அன்றாட வேலை. வீட்டுப் புல்தரைகளில் ஏனோ யாரும் செய்வதில்லை. பத்து நிமிடம்கூட ஆகாது. உறைபனி விழுந்த காலையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பனிக்கட்டி உள்ள இலையை மிதித்தாலோ தடவினாலோ செல்கள் உடையும், மதியத்துக்குள் கால்தடம் கருப்பாகத் தெரியும். உறைபனி நாளில் முதலில் நீர் தெளித்துக் கரையவிட வேண்டும்.

நீர் பாய்ச்சுவதில் பெரும்பாலான விடுதிகள் செய்யும் தவறு, மாலை 5 மணிக்கு மேல் தெளிப்பானைத் திறப்பது. விருந்தினர் நடமாட்டம் குறையும் நேரம் என்பது புரிகிறது. ஆனால் இரவு 10 மணிக்குத் தொடங்க வேண்டிய ஈரம் அன்று 5 மணிக்கே தொடங்கிவிடுகிறது. காலை 5 முதல் 7 மணிக்குள் விட்டால் இலை ஏற்கெனவே பனியில் நனைந்தே இருக்கிறது. புதிதாக ஈரநேரம் சேராது, நுனியில் தேங்கிய கசிவும் கழுவப்பட்டுவிடும். மழையற்ற தை முதல் பங்குனி வரை வாரத்துக்கு 12 முதல் 15 மி.மீ. போதும், அதையும் இரண்டு தவணையாக. ஒரு சென்ட்டுக்கு அது 500 முதல் 600 லிட்டர். தெளிப்பான் எவ்வளவு விடுகிறது என்று தெரியாவிட்டால் நேர்ச் சுவருள்ள நான்கு டப்பாக்களைத் தரையில் வைத்து 15 நிமிடம் ஓட்டி ஸ்கேலால் அளந்தால் தெரிந்துவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது இலையை நனைக்கும், வேரைத் தொடாது.

வெட்டுவதில் இரண்டு கேடு. மழுங்கிய பிளேடு இலையைக் கிழிக்கும். கிழிந்த நுனி காய நேரமாகும், உள்ளே நுழைய நோய்க்கு வழி பெரிது. எட்டுப் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை தீட்டிவிட வேண்டும். டாலர் ஸ்பாட் பூஞ்சாணம் பெரும்பாலும் வித்தாகப் பறந்து பரவுவதில்லை. இழைத் துண்டுகள் மெஷின் சக்கரத்திலும் ஷூவிலும் ஒட்டிக்கொண்டு பயணம் போகின்றன. அதனால்தான் பல இடங்களில் திட்டுகள் மெஷின் போன கோட்டிலேயே வரிசையாக முளைக்கின்றன. திட்டு உள்ள பகுதியைக் கடைசியில் வெட்டி, துணுக்குகளை அள்ளி, மெஷினின் அடிப்பகுதியைக் கழுவிக் காயவிட்டுத்தான் அடுத்த தரைக்குக் கொண்டுபோக வேண்டும். பனியைத் தட்டி, இலை காய்ந்தபின் வெட்டுவது உத்தமம். கிகுயூவுக்கு உயரம் 3 முதல் 4 சென்டிமீட்டர், ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மழையில் இரண்டு வாரம் விட்டுப்போய் 10 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டதென்றால் ஒரே மூச்சில் சிரைக்காமல், நான்கு நாள் இடைவெளியில் படிப்படியாக இறக்குங்கள்.

கிகுயூ கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்துப் புல், நம் குளிருக்கு அது பழகியதே அதனால்தான். அதன் குணமும் அதோடு வந்தது: ஓடுதண்டு ஒன்றின் மேல் ஒன்றாகப் படர்ந்து, பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே செத்த தண்டுகளால் ஒரு மெத்தை போட்டுவிடும். நடந்தால் பஞ்சணை போல அமுங்கும், விருந்தினருக்குப் பிடிக்கும். அந்த மெத்தை மழைநீரைக் கடற்பஞ்சு போல வைத்துக்கொண்டு கீழிருந்தே ஈரப்பதத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். மேலே காற்று உலர்ந்திருக்கும் மதிய வேளையிலும் இலைகளுக்கு நடுவே ஈரப்பதம் அதைவிடக் கூடுதலாகவே நிற்கும். கத்தியால் ஒரு கேக் துண்டு போல வெட்டி எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 1.2 சென்டிமீட்டரைத் தாண்டினால் கோதி எடுக்க வேண்டும். இதைச் சித்திரை வைகாசியில், புல் வேகமாக வளரும்போது செய்ய வேண்டும். குளிரில் கோதினால் ஆறாது. அதன்பின் கவைக்கோலால் 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, 3 மி.மீ. கனத்துக்கு மணல் பரப்பலாம். ஒரு சென்ட்டுக்கு ஏறக்குறைய 120 லிட்டர் மணல் பிடிக்கும், நான்கு கன அடிக்குச் சற்று மேல். எம்-சாண்ட் போடுவதாக இருந்தால் கழுவிச் சலித்த பின் போடுங்கள். அதிலுள்ள கல்மாவு துளைகளை அடைத்து, காயவைக்கப் போட்டதே நீரைத் தேக்கும் ஓடாகிவிடும்.

நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்குப் பக்கம் சைப்ரஸ் வேலி நெருக்கமாக இருந்தால் காலை வெயில் இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் புல்லைத் தொடும். மரத்தை வெட்டச் சொல்லவில்லை. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் அதைத் தொடவும் கூடாது. தேவைப்படுவது தாழ்ந்த கிளைகளைக் கவாத்து செய்து, தரைமட்டத்தில் காற்றுக்கு வழிவிடுவது. அதற்கும் முன்னால் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். உறைபனிக்காக வலையோ பாயோ மூடுபவர்கள் புல்லில் படாமல் ஒரு சாண் உயரத்தில் கட்டி, வெயில் பட்டதும் எடுத்துவிட வேண்டும். மலர்ப் பாத்திகளுக்குக் கோத்தகிரி மிலார் (ஒருவகைப் புதர்ச்செடிக் கிளைகள்) வைத்து மூடும் பழைய முறை ஏன் நன்றாக வேலை செய்கிறது என்றால், அது பனியைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. பிளாஸ்டிக் தாள் இரண்டையும் தடுக்கும். திருமணப் பந்தலுக்காக விரிக்கும் கம்பளம் இதில் மிக மோசம். அடியில் 100 சதவீத ஈரம், இருட்டு, மிதி. இரண்டு நாள் விழா என்றால் இடையில் பகலில் இரண்டு மணி நேரமாவது சுருட்டி வைக்கச் சொல்லுங்கள்.

மருந்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், ஈரநேரம் குறையாத தரையில் மருந்து வாடகைக்கு வாங்கிய நிம்மதி மட்டுமே. தெளிக்கத்தான் வேண்டும் என்றால், கணக்கு எல்லையைத் தொட்டதும் தெளிப்பது, திட்டு பரவிய பின் தெளிப்பதைவிடப் பலன் தரும். செத்த இலையை எந்த மருந்தும் பச்சையாக்காது. சென்ட்டுக்கு 4 லிட்டர் கரைசல் இலை நனைய ஏற்றது. இலை காய்ந்திருக்கும் இடைவெளியில் தெளித்து, மருந்தும் காய நேரம் இருக்க வேண்டும். மஞ்சு இறங்கும் வேளையில் தெளித்தால் வடிந்து மண்ணுக்குப் போகும், மலையில் அது ஓடைக்கும் போகும். ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து அடிக்காதீர்கள். கார்பென்டசிம் வகைக்கு டாலர் ஸ்பாட் பூஞ்சாணம் பல நாடுகளில் பழகிவிட்டது. அசாக்ஸிஸ்ட்ரோபின் பல நோய்களுக்கு நல்ல மருந்து, டாலர் ஸ்பாட்டுக்கு மட்டும் கைகொடுக்காது. விலை கொடுத்து வாங்கி ஏமாறுவது இதில்தான் அதிகம். அளவுக்கு லேபிளையும், ஐயத்துக்குத் தோட்டக்கலைத் துறை அலுவலரையும் நம்புங்கள், கடைக்காரரின் கைக்கணக்கை வேண்டாம்.

வீட்டிலேயே அளக்க விரும்புபவர்களுக்கு, சில நூறு ரூபாயில் கிடைக்கும் டிஜிட்டல் ஈரமானி போதும். வெயிலும் மழையும் படாமல், காற்று புகும்படி, ஓட்டை போட்ட வெள்ளை வாளியைக் கவிழ்த்து அதற்குள் புல்லுக்கு ஒரு சாண் மேலே தொங்கவிடுங்கள். கருவி பொய் சொல்கிறதா என்று பார்க்க, சமையல் உப்பைச் சேறு போல நனைத்து ஒரு மூடியில் வைத்து, கருவியோடு காற்றுப் புகாத டப்பாவில் 12 மணி நேரம் வீட்டுக்குள் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் இனி எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். ஈரக்குமிழ் வெப்பமானி (குமிழில் ஈரத்துணி சுற்றியது) வைத்திருப்பவர்கள் சமவெளி அட்டவணையை அப்படியே படிக்க வேண்டாம். நம் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. 15 டிகிரி உலர்குமிழ், 13 டிகிரி ஈரக்குமிழ் என்றால் அட்டவணை 80 சொல்லும், இங்கே உண்மை 82-ஐ ஒட்டியிருக்கும். எந்தக் கருவியும் இல்லாதவர்கள் காலை 7, 8, 9 மணிக்கு ஒரு டிஷ்யூ தாளைப் புல்லில் ஒற்றிப் பார்த்து, அது நனையாமல் வந்த நேரத்தைக் காலண்டரில் குறித்தாலே ஈரநேரத்தின் ஒரு முனை கைக்கு வந்துவிடும்.

எல்லோரும் கருவி வாங்க மாட்டார்கள். அதனால்தான் இந்த வேண்டுகோள். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் மூன்றிலும் வானிலைத் துறை நாள்தோறும் காலை 8.30-க்கும் மாலை 5.30-க்கும் அளவெடுக்கிறது. மழைக் கட்டத்தில் ஊர்ப் பெயருக்கு நேரே குறைந்தபட்ச வெப்பம், இரு வேளை ஈரப்பதம், மாலை 5.30 வெப்பம் என்று நான்கு எண்கள் மட்டும் கூடுதலாக வேண்டும். ஊருக்கு ஊர் தனித்தனியாகத் தருவது முக்கியம். கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவம், கோத்தகிரி, குன்னூருக்கு வடகிழக்குப் பருவம், பழனி மலைக்கும் வடகிழக்கே பெரிது; ஆவணியில் ஊட்டிக்காரர் செய்வதைக் கொடைக்கானல்காரர் ஐப்பசியில் செய்ய வேண்டியிருக்கும்.

அந்த எண்களை வாசகர் இப்படிப் பயன்படுத்தலாம். 100-லிருந்து மாலை ஈரப்பதத்தைக் கழித்து, 5-ஆல் வகுத்து, வந்ததை மாலை வெப்பத்திலிருந்து கழித்தால் பனி படியத் தொடங்கும் வெப்பம் ஏறக்குறையக் கிடைக்கும். மாலை 16 டிகிரி, 75 சதவீதம் என்றால் 11 டிகிரி. புல் காற்றைவிட இரண்டு டிகிரியாவது கூடுதலாகக் குளிரும் என்பதால், முந்தைய இரவுகளின் குறைந்தபட்சம் 13-க்குக் கீழே இருந்து, வானமும் தெளிவாக இருந்தால், அன்றிரவு புல் நனைவது உறுதி. படுக்கும் முன் ஹோஸ் பைப்பைப் புல்தரை ஓரத்தில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
புல்தரைப் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
உதகமண்டலம்.